நெஞ்சுக்குள் மங்கிய மணிக்கூடு

என் இதயத்தில் உலோக வால்வு பொருத்தியதிலிருந்து நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கும். மணிக்கூட்டை விழுங்கினவள் என்று கணவர் கேலி செய்வார். ரத்தம் உறையாதிருக்கத் தினமும் மருந்துக் குளிசை குடிக்கிறேன். இந்த நோன்பில் உடம்பு தெம்பாக இருக்கட்டுமென்று விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நாள்தோறும் முருங்கை இலைக்கஞ்சியும் கோப்பை கோப்பையாகக் குடித்தேன்.

பெருநாள் நெருங்கிய ஒரு பகலில் கணவர், "புள்ள, உன்ட மணிக்கூடு கேக்குதில்லையே" என்றார்.

"உங்கட காதுதான் செவிடு. பக்கத்து வீட்டுப் பொம்புளையள் கதைக்கிறது மட்டும் கேக்குமாக்கும்!"

மறுநாள் வாசற்படி ஏறவே எனக்கு மூச்சு முட்டியது. ஆசுபத்திரியில் மணிக்கூட்டுக் கதையைச் சொன்னபோது டொக்டர் சிரிக்கவேயில்லை.

"உம்மா, ரத்தத்தை உறைய வைக்கிற புரதத்தை ஈரல் செய்யுது. அந்தப் புரதம் ஒட்டிப் புடிக்கிறதுக்குக் கொளுக்கி போட வைட்டமின் கே வேணும். குளிசை அதைத் தடுக்குது, நீங்க அதே வைட்டமினை முருங்கை இலையால அள்ளிக் குடுத்திருக்கீங்க. வால்வில ரத்தக்கட்டி புடிச்சிருக்கு, அதுதான் சத்தம் மங்கிப்போச்சு."

மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தேன். இப்போது கீரையைக் கூட்டுவதுமில்லை, அடியோடு விடுவதுமில்லை. டொக்டர் சொன்ன அளவுதான். விடியற்காலையில் சுபஹு தொழுததும் கணவர் என் நெஞ்சில் காது வைப்பார்.

"கேக்குதா?"

"ஓம்" என்று அவர் சொல்லும்வரை எனக்குச் சிரிப்பு வருவதில்லை.