ஸ்பெல்லிங் சார்

“உங்க பலகைப்படி பாத்தா நீங்க பேப்பரும் பென்சிலும் விக்கலை” என்றார் ஸ்பெல்லிங் சார், எழுதுபொருள் கடைக்காரரிடம். பின்னால் நாலு பேர் ஜெராக்ஸ் எடுக்கக் காத்து நிற்பது அவருக்குப் பொருட்டே இல்லை. “ஸ்டேஷனரி ரெண்டு இருக்கு. ஒண்ணு ஈ போட்டது, ஒண்ணு ஏ போட்டது. நீங்க ஏ போட்டு வெச்சிருக்கீங்க. அதுக்கு ஆடாம அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம்.” கடைக்காரர் பலகையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. “யாவாரமும் அப்படித்தான் சார் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் பிரிவுக்கு மேலாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. குடியிருக்கும் அடுக்குமாடியில் சின்னக் குழந்தைகள் முதல் எல்லோருக்கும் அவர் ‘ஸ்பெல்லிங் சார்’. அது கேலி என்பது இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை. யாரோ மேடை போட்டுக் கொடுத்த பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

காதுக்கு ஒன்றாகவும் காகிதத்தில் வேறாகவும் இருக்கிற ஆங்கிலச் சொற்கள் என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல் வேறு, கொள்கைப் பிரின்சிபல் வேறு. பாலைவனத்துக்கு ஒரு எஸ், சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற இனிப்புக்கு இரண்டு எஸ். “இனிப்புன்னா இன்னொண்ணு கேப்போம் இல்ல? அதான் ரெண்டு எஸ்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். விருந்துக்கு வந்துவிட்டுப் போன ஒரு நண்பர், சமையலுக்குத் தன் காம்ப்ளிமென்ட் என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். பாராட்டுக்கான காம்ப்ளிமென்டுக்கு நடுவில் ஈ இல்லை, ஐ என்று திருத்திப் பதில் போனது. நண்பர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகள் இப்போதெல்லாம் அவருக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. படம் அனுப்புகிறாள், இல்லாவிட்டால் கட்டைவிரல் காட்டுகிறாள். கெட்டிக்காரப் பெண்.

மாமனார் இறந்தபோது நடந்ததுதான் கொடுமை. மச்சினர் அழுதுகொண்டே, அப்பா போய்விட்டார் என்று குடும்பக் குழுவில் ஆங்கிலத்தில் போட்டார். எல்லோருக்கும் முந்தி இவருடைய பதில் வந்தது: நீ எழுதிய பாஸ்ட் கடந்த காலம், காலமானதற்கு டபுள் எஸ் வேண்டும். இரங்கல் அடுத்த செய்தியில் வந்தது. அன்றைக்கு அவர் மனைவி, “எங்கப்பா போனது கூட உங்களுக்குத் தப்பாத்தான் தெரியுதா?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

இப்படிப்பட்டவரைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கினால் என்ன ஆகும்? அவர் கண்ணில் படாமல் ஓர் அறிவிப்பும் சுவரேறக் கூடாது என்று சட்டம் வந்தது. நாளை தண்ணீர் வராது என்ற அறிவிப்பு, தண்ணீர் நின்று, வந்து, தொட்டியும் நிறைந்த பிறகு பிழையில்லாமல் வெளியானது.

போன வாரம் லிஃப்ட் நடுவழியில் நின்று நின்று போனது. மெக்கானிக் போனில் கேட்டுவிட்டு, பிரேக் கோளாறு, மத்தியானம் வருகிறேன், அதுவரைக்கும் யாரும் ஏறவேண்டாம் என்றார். மெயின் சுவிட்ச் அறையின் சாவி சங்கத் தலைவரிடம். தலைவர் ஊரில் இல்லை. வாட்ச்மேன் ஒரு அட்டையில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார். சார் ஆபீசுக்குக் கிளம்பி, நாலாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்து அதைப் பார்த்தார். நிறுத்துகிற பிரேக்குக்குப் பதில் உடைக்கிற பிரேக் இருந்தது. அட்டை அவர் கைக்கு வந்துவிட்டது.

“சார், அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். வேற எழுதிட்டு வந்து மாத்திக்கலாம்” என்றார் வாட்ச்மேன்.

“தப்பை ஒரு நிமிஷம்கூட செவுத்துல விடக்கூடாதுப்பா. அஞ்சு நிமிஷத்துல பிரின்ட் எடுத்துட்டு வரேன்.”

மேலே போய் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தார். தலைப்பைச் சிவப்பாக்கினார். கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்க, வாட்ச்மேன் வாசற்கதவைத் திறக்க ஓடினார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து திரும்பிய சாரின் மனைவி, முழங்கால் வலியோடு லிஃப்டில் ஏறினாள். மூடின இடம் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும். குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போடமாட்டாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது, விளக்கும் அணைந்தது.

அலறல் கேட்டுச் சார் ஓடிவந்தார். கதவைத் தட்டினார். “பயப்படாத, நான் இருக்கேன்” என்றார். அவருக்கு மனைவி மேல் உயிர்தான். அதை யாரும் இல்லையென்று சொல்லமுடியாது. லிஃப்ட் கம்பெனிக்கு போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். “எங்க சர்வீஸ் பர்சனல் பக்கத்துலதான் இருக்காங்க சார், இப்பவே அனுப்பறேன்.”

“பர்சனல் இல்லம்மா, பர்சனெல். கடைசியில அழுத்திச் சொல்லணும். பர்சனல்னா சொந்த விஷயம்.”

உள்ளேயிருந்த அழுகை சட்டென்று நின்றது.

“என்னங்க” என்றது குரல், மெதுவாக. “மொதல்ல என்னை வெளிய எடுங்க. அப்புறமா அவளைத் திருத்துங்க.”

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தார். வியர்வையில் தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தாள். கணவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. வாட்ச்மேன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“கதவுல ஒண்ணுமே எழுதி ஒட்டலையாப்பா?”

“ஒட்டினேம்மா. சார்தான் தப்பா இருக்குன்னு...” வாட்ச்மேன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. பிரின்ட் எடுத்த காகிதம் சாரின் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. “நீ எழுதினது எங்க இருக்கு?” என்று வாட்ச்மேனைக் கேட்டாள். அது மேலே மேசையில் கிடந்தது. “சரி, வேற எழுது. உனக்கு எப்படி வருதோ அப்படியே எழுது.”

வாட்ச்மேன் ஒரு அட்டையை முழங்காலில் வைத்து எழுதினார். உடைக்கிற பிரேக்கே திரும்பவும் வந்தது. கூடவே புதிதாக ஒரு தப்பும் சேர்ந்திருந்தது. அவள் அதை வாங்கிக் கணவரிடம் நீட்டினாள்.

“நீங்களே ஒட்டுங்க.”

சார் அட்டையை வாங்கினார். லிஃப்ட் கதவில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாலு மூலையிலும் டேப்பைத் தடவித் தடவி அழுத்தினார்.