கதவுக்குப் பின்னால் அத்தப்பூ

மாம்பலத்தில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், நான் வாய் திறந்து பத்திரிகை கேட்டாலே மலையாளப் பத்திரிகையை எடுத்து நீட்டுகிறார். என் பேச்சின் இழுப்பு அவருக்கு அப்படிப் படுகிறது. முதலில் திருத்திப் பார்த்தேன். இப்போது பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். திருவிதாங்கூர் ராஜ்யத்து மணவாளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் போனவனுக்கு அதுவும் வாசிக்க வரும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு மனசு மரத்துப்போய்விட்டது.

இதற்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். அங்கே எனக்குப் பெயரே 'பாண்டி'தான்; தமிழனை அவர்கள் இளக்காரமாகச் சொல்வது அப்படி. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி நம் ஊரில் ஊர்வலம் போனபோது, நானும் அந்தக் கூட்டம்தான் என்று முதலாளி என்னைக் கடையைவிட்டு அனுப்பினார். சென்னைக்குப் போனால் தமிழனாகவாவது இருக்கலாம் என்று ரயிலேறினேன்.

போன ஆவணியில், ஓணத்துக்குப் பத்து நாள் முந்தி, அத்தத்தன்று என் மனைவி செல்லம்மை வாசலில் வட்டமாக அத்தப்பூ போட்டாள். நம் பக்கத்தில் வழக்கம்தானே. வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தெற்கெல்லை நமதே என்று நடக்கும் கூட்டம் ஒன்றையும் விடாதவர் அவர்.

"இது தமிழர் வீடு சார். மலையாளத்தார் பண்டிகையெல்லாம் இங்க வேணாம். முடியாதுன்னா வேற வீடு பாத்துக்குங்க."

செல்லம்மைக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் எங்கே போய் வீடு தேடுவது? நானே துடைப்பத்தை எடுத்தேன்.

"நம்ம ஊருல எல்லா வீட்டுலயும் போடுவாவல்லா? அந்த ஊரு வேணும்னுதானே இவரு கூட்டத்துக்குப் போறாரு?" என்றாள் அவள்.

"பைய பேசு, கேட்டுரும்."

அன்று மாலை வீட்டுக்காரரே என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். "உங்க ஊருக்காகத்தானே சார்!" என்றார். மேடையில் ஒருவர் கல்குளம் தாலுகா என்று முழங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். என் தாலுகா. நானும் தட்டினேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மண்ணைக் கேட்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திருவோணத்தன்று விடியுமுன் செல்லம்மை வாசல் நிறைய மாக்கோலம் போட்டாள்.

"இப்பதான் தமிழ் வீடு மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் மெச்சிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, கதவை ஒட்டித் தரையில் அத்தப்பூ போட்டாள்.

"கதவைத் திறந்திராதீங்க. பூ கலைஞ்சிரும்."

உள்பக்கம் இழுத்தால்தான் திறக்கிற கதவு. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.