சத்தமில்லாத கோட்டு

என் மனைவிக்குப் பனிச்சறுக்குக் கோட்டு ஒன்று வாங்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு டஜன் துடைப்பத்துக்குக்கூட மூன்று கொட்டேஷன் வாங்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை அப்படியே இருந்தது.

ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கனடாவில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்:

“டிசம்பர்ல வந்துருங்கப்பா. அம்மாவச் சறுக்கக் கூட்டிட்டுப் போறேன். நான் பின்னாலயே வந்து சொல்லிக் குடுப்பேன். அம்மாவுக்குக் காது கேக்கும்போதே வந்துருங்க.”

கடைசி வாக்கியத்தில் தேதி எதுவும் இல்லை. தேதி போடாத கடிதத்தை அவசரம் என்று நாங்கள் கருதியதில்லை.

என் மனைவி பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். விசில் ஊதி ஊதியே காது போனது என்பது அவள் கட்சி. காது நரம்பின் தளர்ச்சி, கேட்பது மெல்ல மெல்லக் குறையும் என்பது டாக்டரின் கட்சி. இரண்டு காதுக்குப் பின்னாலும் மிஷின் மாட்டியிருந்தாள். பனியில் சறுக்கப் போகிறோம் என்று கேட்டதிலிருந்து வீட்டுக்குள் முழங்காலை மடக்கி மடக்கிப் பயிற்சி எடுத்தாள்.

கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றாள் மகள். அங்கே போய்ச் சரிப்படாவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

மதுரை பழங்காநத்தத்தில் மழைக்கோட்டும் ரெக்ஸின் பையும் விற்கும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மருதையில மழைக்கே கோட்டு விக்க மாட்டேங்குது. நீங்க பனிக்குக் கேக்குறீக. சார் இமயமலைக்கா?”

“கனடாவுக்கு.”

“அப்ப நல்லதாத்தான் குடுக்கணும்” என்று பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு. நீல நிறம், உள்ளே பஞ்சு, ஜிப்புக்கு மேல் மடிப்பு, மணிக்கட்டில் எலாஸ்டிக். வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் அதை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள், குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை.

ஆனால் நடந்தால் சரசரவென்று சத்தம். காலர் மிஷினில் உரச, அவள் முகத்தைச் சுளித்தாள்.

“காதுக்குள்ள யாரோ பேப்பரக் கசக்குற மாதிரி இருக்கு.”

“அப்போ இது தேறாது.”

“தேறும்ங்க. நீங்க பேசுறது அதுக்கு நடுவுலயும் கேக்கத்தான செய்யுது. இதுவே போதும்.”

போதும் என்பது ஒரு தரநிர்ணயம் ஆகாது. நிராகரிப்பதாக ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்தேன். ஆம், கோப்பு போட்டிருந்தேன். மேல்துணி மெத்தென்று இருக்க வேண்டும், தண்ணீர் தடுக்கும் துணி அதற்கு அடியில் இருக்க வேண்டும், காலர் காதைத் தொடக் கூடாது என்று விவரம் எழுதி, டில்லி, சென்னை, பெங்களூரில் மூன்று கடைகளுக்கு அனுப்பினேன். இரண்டு கடைகள் பதில் போட்டன. மூன்றாவது பதில் இல்லாமல் எப்படி ஒப்பிடுவது? நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். டிசம்பர் போய்விட்டது.

“அடுத்த குளிருக்கு வாரோம்” என்று மகளிடம் சொன்னேன். “சரிப்பா” என்றாள்.

பெங்களூர்க் கோட்டு ஆனி மாதம் வந்தது. அதன் மேல்துணி பூனையின் முதுகு போல இருந்தது. சமையல் பாதியில் இருந்தவளை அழைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, மாட்டிப் பார்க்கச் சொன்னேன். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். முழங்காலை மடக்கினாள். காலரை மிஷினில் வேண்டுமென்றே உரசிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“சத்தமே இல்லைங்க. நீங்க சொன்னது சரிதான். இம்புட்டு நாள் காத்திருந்தது வீண் போகல.”

என் பணிக்காலத்தில்கூட இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“குக்கர் வச்சு எம்புட்டு நேரமாச்சு. இன்னும் ஒரு விசில்கூட வரலையே.”

நான் நான்கு எண்ணியிருந்தேன். ஐந்தாவது அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது.

மிஷினில் பேட்டரி மாற்றிப் பார்த்தேன். பிறகு அவள் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாக அசைத்து, “குக்கர் கேஸ்கட் பழசாயிருச்சு” என்றேன். மறுநாள் புது கேஸ்கட் வாங்கி மாட்டினேன். அதற்கு நான் கொட்டேஷன் கேட்கவில்லை. அவளும் விசிலைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் போனோம். சிறுபிள்ளைகள் பழகும் சரிவில் அவள் மூன்று முறை சறுக்கினாள். உள்ளே நனையவில்லை, குளிரவில்லை. கோட்டின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மகள் பின்னாலிருந்து “குனிம்மா, குனி” என்று கத்திக்கொண்டே வந்தாள். இவள் நிமிர்ந்தபடி போய் விழுந்தாள். இரண்டாவது முறைக்கு மகள் முன்னால் போய், அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே சறுக்கி, கையால் ஜாடை காட்டினாள். மகளின் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்றுதான் என்றாள்.

நான் கீழே வேலியோரம் நின்றிருந்தேன். அந்த நீலக் கோட்டோடு முந்தின வருஷமே வந்திருந்தால், பேப்பர் கசங்குகிற சத்தத்துக்கு நடுவே அவளுக்கு மகளின் குரல் கேட்டிருக்கும்.