றுக்கியா முடிச்சு வச்ச படங்கள்

"உங்களுக்குக் கண்ணு போனதோட வாயும் சேந்து போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பன்!"

றுக்கியா ஒரு நாள் இப்பிடித்தான் கத்தினா. வேற ஆருக்கும் இல்ல, கட்டின மாப்பிள்ளைக்கு. டீவியில படம் ஓடிக்கொண்டிருந்திச்சு. முஹம்மது தம்பி பக்கத்துக் கதிரையில கால நீட்டிக்கொண்டு, "இப்ப என்ன நடக்குது, இப்ப என்ன நடக்குது" எண்டு பத்துத் தரம் கேட்டுட்டார். பதினோராந் தரத்துக்குக் கிடைச்ச பதில் அது.

அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. "நடக்கிறதைச் சொல்லு எண்டாத்தானே கேக்கிறன். நீ அவள்ட சட்டை சரியில்ல, இவன்ட தாடி சரியில்ல எண்டு நொட்டை சொல்லிக்கொண்டிருக்கிறாய். கதை எங்க புள்ள?"

"கதை இருந்தாத்தானே சொல்ல! நாப்பது பேர ஒருத்தன் அடிக்கிறான், சேட்டுக் கூடக் கசங்கல்ல. இதுதான் கதை. போதுமா?"

கிண்ணியாவில அந்த வளவுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சண்டை பழக்கம். மத்தியானம் லுஹர் தொழுது, சோறு திண்டு முடிஞ்சா றுக்கியா வீட்டில படம் தொடங்கும். படத்தோட சண்டையும் தொடங்கும்.

முஹம்மது தம்பி மூதூர் லோஞ்சிப் படகில இருவத்தாறு வருசம் டிக்கட் கிழிச்சவர். வேலை முடிஞ்சு டவுணில படம் பாத்துட்டு வருவார். வந்து குசினி வாசல்ல குந்திக்கொண்டு, மீன் வெட்டுற றுக்கியாக்கு முழுப் படத்தையும் பாட்டோட சொல்லுவார். றுக்கியா தியேட்டரை வெளியால இருந்துதான் பாத்திருக்கிறா. அவட வாப்பாவும் கூட்டிப் போகல்ல, இந்த மனுசனும் கூட்டிப் போகல்ல. மறுகா மனுசனுக்குச் சீனி வருத்தம் வந்து, நாலு வருசத்துக்கு முந்தி ரெண்டு கண்ணும் போயிட்டு. அதுக்குப் பிறகு சொல்ற வேலை றுக்கியாட தலையில விழுந்திச்சு.

தமிழ்ப் படத்தில அவக்கு மதிப்பில்ல. மனுசனுக்குக் காது கூர்மை, பேசுறதெல்லாம் அவருக்கே விளங்கும், இவ வாயைத் திறந்தா "சத்தம் போடாத" எண்டு அதட்டுவார். பள்ளிச் சந்தியில நுஸ்கி எண்டு ரெண்டு புள்ளைக்கு வாப்பா, போன் கடை வச்சிருக்கிறவன். பென் டிரைவில படம் ஏத்திக் குடுப்பான். அவன் ஒரு தரம் இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டு அனுப்பிட்டான். ஹிந்தி, கொரியா, தெலுங்கு, என்ன பாசையெண்டே தெரியாத ரெண்டு. கீழ எழுத்து ஓடுது, அதுவும் சிங்களத்தில. றுக்கியாக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, அவ எந்தக் காலத்தில பள்ளிக்கூடம் போனவ?

எண்டாலும் அதிலதான் அவட ராச்சியம் தொடங்கிச்சு. அவருக்குக் கண் தெரியாது, அவக்குப் பாசை தெரியாது. அவ முகத்தைப் பாத்துப் பாத்துக் கதை கட்டினா. மனுசன் வாயை ஆவெண்டு திறந்துகொண்டு கேட்டார்.

"இது கொரியாப் படம். பனி கொட்டுது. இவள் சூப்புக் குடிக்கிறாள்."

"முந்தியும் குடிச்சாளே?"

"இப்பயும் குடிக்கிறாள். இவளுகளுக்கு வேற வேலையில்ல. மாமிக்காரி வாறாள், மூஞ்சி சரியில்ல. இவள் பயப்படுறாள். பயந்து இன்னும் குடிக்கிறாள்."

அவர் சிரிப்பார். கண் போன பிறகு அவர் சிரிச்சதெல்லாம் அந்த ரெண்டு மணித்தியாலத்திலதான். அது றுக்கியாக்குத் தெரியும். அதால, ஒரு படத்தில நல்ல பொடியன் ஒருத்தன் லொறியில அடிபட்டு ரோட்டில கிடக்கக்குள்ள, அவட நாக்கு எழும்பல்ல. "கால்ல சின்னக் காயம்" எண்டுட்டா. அடுத்த படத்தில கிழவி ஒண்டு மூச்சு நிண்டு மௌத்தானா. "நித்திரை கொள்றா" எண்டா. அப்பிடியே பழகிட்டு. கடைசிக் கட்டம் வந்தா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சுட்டுத் தான் நினைச்ச மாதிரி முடிச்சு விடுவா. ஆரும் சாகல்ல, ஆரும் ஆரையும் விட்டுட்டுப் போகல்ல. ஊரில கண்டவனையெல்லாம் வாயால வெட்டுற றுக்கியா, டீவிக்குள்ள இருக்கிற ஒருத்தனையும் சாக விடல்ல.

போன வருசம் அவர்ட வலக்கால் புண்ணு கறுத்துப் போச்சு. கிளினிக்கில டொக்டர் முழங்காலுக்குக் கீழ வெட்டணும் எண்டுட்டார். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஆதம்பாவா, லோஞ்சி காலத்துக் கூட்டாளி. திரும்பி வந்து முஹம்மது தம்பி சொன்னது ஒரே சொல்லு: "ஏலாது. முழு ஆளாப் பிறந்தன், முழு ஆளாக் கபுறுக்குப் போறன்."

றுக்கியா கெஞ்சினா. ஏசினா. ரெண்டு நாள் கதைக்காம இருந்தா. மகள் நிப்லா அழுதாள். மனுசன் அசையல்ல.

அந்தக் கிழமையில வந்ததுதான் அந்த ஹிந்திப் படம். ஒரு தையல்காரன்ட கதை. மிசின மிதிச்சு மிதிச்சுக் குடும்பத்தைப் பாக்கிறவன். அவனுக்கும் கால்ல புண்ணு, அவனையும் கட்டிலோட தள்ளிக்கொண்டு போறாங்க. றுக்கியா நிப்பாட்டுவமா எண்டு ரிமோட்டைத் தேடினா. அதுக்குள்ள அவர் நிமிந்து உக்காந்துட்டார். "என்ன வருத்தம் அவனுக்கு?"

"கால்ல புண்ணு."

"மறுகா?"

டீவியில கட்டில் வெறுமையாக் கிடந்திச்சு. பொஞ்சாதிக்காரி அவன்ட செருப்பில ஒண்டை மட்டும் கையில வச்சுக்கொண்டு நிக்கிறாள். பெரிய அழுகைச் சத்தம்.

"வெட்டியாச்சு. ஊண்டுகோல் பிடிச்சுக்கொண்டு நடக்கிறான். மிசினுக்கு மோட்டர் பூட்டிட்டாங்க. கையாலயே தைக்கிறான்."

"ஏன் அழுறாளுகள்?"

"மகளுக்குக் கலியாணம். பொண்ணை அனுப்பக்குள்ள அழாமச் சிரிப்பாளுகளா?"

மனுசன் ரெண்டு நாள் கழிச்சுக் காலைத்தண்ணி குடிக்கக்குள்ள சொன்னார்: "ஆதம்பாவாவ வரச் சொல்லு. கால வெட்டட்டும்."

புதன்கிழமை வெட்டினாங்க. ஞாயிற்றுக்கிழமை மௌத்தாப் போனார். டொக்டர்மாரில பிழையில்ல, சீனி ஏறின உடம்பு, நஞ்சு முதலே மேல ஏறிட்டு.

மையத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து குளிப்பாட்டி முடிஞ்ச பிறகு, வழமைப்படி ஊர்ப் பொம்பிளையள் றுக்கியாவச் சுத்தி உக்காந்தாங்க. "புள்ள, மனுசனப் பொறுத்துட்டியா? கலியாணத்து மஹர்க் காசு, மத்தது, என்ன குறை இருந்தாலும் பொறுத்துட்டன் எண்டு சொல்லு. அவர் நிம்மதியாப் போகட்டும்."

"நான் பொறுத்துட்டன். அவர் என்னைப் பொறுத்தாரா? அதை ஆராவது கேட்டீங்களா?"

துக்கத்தில பிதற்றுறா எண்டு ஆக்கள் முதுகைத் தடவிக் குடுத்தாங்க. ஒருத்தருக்கும் விளங்கல்ல. தையல்காரன்ட கதையை நம்பித்தான் மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போனார், கடைசிப் பொய்யில ஆளையே அனுப்பி வச்சுட்டன், இதுதான் அவட நெஞ்சுக்குள்ள. வெளியில சொன்னா நிப்லா உடைஞ்சு போவாள். சொல்லல்ல.

இத்தா தொடங்கிச்சு. நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளிக்கிடக்கூடாது, பிற ஆம்பிளைக்கு முன்னால வரக்கூடாது. நிப்லா டீவிக்கு மேல கட்டில் சீலை ஒண்டைப் போட்டு மூடினாள். "உம்மா, இத்தா முடியிற மட்டும் படம் கிடம் வேணாம், ஆக்கள் கதைப்பாங்க."

"ஆக்கள் எப்ப கதைக்காம இருந்தாங்க? மூடு, மூடு. எனக்கென்ன."

முன்னறையில அவ அந்த மூடின டீவியைப் பாத்துக்கொண்டு இருப்பா. லுஹர் முடிஞ்சாக் கண்ணு தன்பாட்டில அங்க போகும். பக்கத்துக் கதிரையில ஆளில்ல. "இப்ப என்ன நடக்குது" எண்டு கேக்க ஒரு வாயில்ல. வாயும் சேந்து போகட்டும் எண்டு கத்தினவ அவதான். போயிட்டு.

அவக்கு ஆதம்பாவாட்ட ஒண்டு கேக்கணும். படம் பாத்த அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு ஆதம்பாவா வந்து முஹம்மது தம்பியோட வேலி ஓரமா ரெண்டு மணித்தியாலம் கதைச்சுக்கொண்டிருந்தவர். பதினெட்டு வருசம் சவூதியில இருந்த மனுசன், ஹிந்தி தண்ணி மாதிரி. அந்தப் படம் அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொன்னாரா? மனுசன் என்ன சொன்னார்?

திரைக்கு அங்கால நிக்க வச்சுக் கேட்டிருக்கலாம். அவர்ட பொஞ்சாதி றம்ஸியா மூணு தரம் கஞ்சியோட வந்தவ, அவட்டச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஒண்டும் செய்யல்ல. "இத்தாவில இருக்கிறன்" எண்டு தனக்குத்தானே சாட்டுச் சொன்னா. ஒரு நாளும் ஒருத்தருக்கும் பயப்படாத பொம்பிளை, ஒரு பதிலுக்குப் பயந்து நாலு மாசம் பத்து நாள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தா.

இத்தா முடிஞ்ச அண்டைக்கே நிப்லாவை அனுப்பி ஆதம்பாவாவக் கூப்பிட்டா. அவர் வாசல் கதிரையில வந்து இருந்தார், தொப்பியைக் கழட்டி முழங்கால்ல வச்சார்.

"காக்கா, சுத்தி வளைக்காமக் கேக்கிறன். தையல்காரன்ட படம் உங்களுக்குத் தெரியுமா?"

ஆதம்பாவா தலையைக் குனிஞ்சார். "றியாதில பாத்தனான் தங்கச்சி. இருவது வருசம் இருக்கும்."

"அவரிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டன். தையல்காரனுக்கு மோட்டர் பூட்டினது, கலியாணம், எல்லாம் அவன் சொல்லிக்கொண்டு போறான். என்ட வாய் நிக்கல்ல. தம்பி, அவன் அதில மௌத்தாப் போறான்டா எண்டுட்டன்."

றுக்கியா கதவு நிலையைப் பிடிச்சா. "மறுகா?"

"சிரிச்சான். தெரியும்டா எண்டான். எட்டு மாசமா எங்கட வீட்டு டீவியில ஒரு மௌத்தும் இல்ல, இவ ஒருத்தனையும் சாக விடுறாளில்ல எண்டான்."

"தெரிஞ்சுக்கொண்டா போனார்?"

"கிளினிக்கில டொக்டர் அவனுக்கு முன்னாலதான் சொன்னவர், வெட்டினாலும் உயிர் தப்புறது பாதிக்குப் பாதிதான் எண்டு. உனக்குச் சொல்லாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவன். நீ ஏன்டா அப்ப போறாய் எண்டு நானும் கேட்டன். நான் போகாம மௌத்தானா றுக்கியா தன்ட சீவகாலம் முழுக்க, கால வெட்டப் பயந்து செத்த மனுசன் எண்டு என்னை ஏசிக்கொண்டு இருப்பாள், அவட வாய் உனக்குத் தெரியும்தானே எண்டான்." ஆதம்பாவா கண்ணைத் துடைச்சார். "இன்னொண்டும் சொன்னான், ஒரு பொய்யைக் கட்டி என்னைப் போகச் சொல்றாள், அவ்வளவு ஆசை அவளுக்கு, நான் எப்பிடிப் போகாம இருக்கிற எண்டு."

றுக்கியா பாய்ஞ்சா. "இதைச் சொல்ல உங்களுக்கு நாலு மாசம் பத்து நாளா? என்ட நெஞ்சு வெடிச்சுச் செத்திருந்தா?"

"நீ கூப்பிடல்லையே தங்கச்சி. இத்தாவில இருக்கிறவட்ட நான் எப்பிடி வந்து படத்தைப் பத்திக் கதைக்கிற?"

அது சரிதான். கூப்பிடாதவ அவ. முந்தானையால முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா, மையத்து வீட்டில அழாத அழுகை. நிப்லா குசினிக்குள்ளயிருந்து ஓடி வந்தாள். "ஒண்டுமில்ல போ, தேத்தண்ணிய ஊத்து" எண்டு அதட்டினா.

போகக்குள்ள ஆதம்பாவா வாசல்ல நிண்டார். "ஒண்டு மட்டும் கேட்டான் தங்கச்சி. கட்டிலத் தள்ளிக்கொண்டு போகக்குள்ள அந்தத் தையல்காரன் பொஞ்சாதிட்ட ஏதோ சொல்றானாம், றுக்கியா அதைச் சொல்லாமத் தாண்டிட்டாள், அது என்னடா எண்டு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு மறந்து போச்சு. எவ்வளவு யோசிச்சும் வரல்ல. அவன் அதைத் தெரியாமலே போயிட்டான்."

றுக்கியாக்கு அந்தக் கட்டம் ஞாபகம் இருந்திச்சு. தையல்காரன் தலையைத் தூக்கி, நாலஞ்சு சொல்லுத்தான், சொன்னவன். அவ பயத்தில ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தவ.

அடுத்த நாள் காலையில முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டா. நாலரை மாசத்துக்குப் பிறகு ரோட்டு வெயில் கண்ணைக் குத்திச்சு. நேரா நுஸ்கிட கடை.

"ஹிந்தியில ஒரு தையல்காரன், கால்ல புண்ணு, செருப்பைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாள் ஒருத்தி. அந்தப் படம் தமிழ் கதைக்குமா?"

நுஸ்கி கொம்பியூட்டரில கொஞ்ச நேரம் தட்டித் தேடினான். "இருக்கு மாமி. தமிழ்ல குரல் குடுத்தது இருக்கு. ஆனா உங்களுக்கு இப்ப இது வேணாம். கடைசி நல்லா இல்ல. வேற நல்ல சிரிப்புப் படம் ஏத்தித் தாறன்."

"கடைசி எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்டா. அவன் பொஞ்சாதிட்டச் சொன்னதுதான் தெரியாது. நீ ஏத்து."

அவன் ஏத்திக் குடுத்தான். காசு வேணாம், மாமாக்காக இருக்கட்டும் எண்டான். "மாமா கடன் சொல்லிப் படம் பாத்த ஆளில்ல" எண்டு றுக்கியா முந்தானைக் காசு முடிச்சை அவிழ்த்து மேசையில வச்சா. அம்பது ரூபா.