அம்மா எண்ணிய விளக்கு

எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாத வண்டி சிங்கப்பூர்ச் சாலையில் ஓடியதில்லை. கேட்டால் அவரே சொல்வார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கப்பலில் வேலை பார்த்த அப்பா மாதக்கணக்கில் கடலுக்குப் போகும்போது, எங்கள் பழைய காரைப் பெரியப்பாவின் மேற்பார்வையில் விட்டுப் போவார். ஓட்டுவது அம்மா, கருத்துச் சொல்வது பெரியப்பா.

அம்மா லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தினமும் காலையில் தம்பியைக் குழந்தைகள் காப்பகத்திலும் என்னைப் பள்ளியிலும் இறக்கிவிட்டுத் தொழிற்சாலைக்குப் பறப்பாள். கார் இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை. அது ஒன்பது வயதில் எனக்கே தெரியும்.

அந்தக் கார் ஒரு வாரம் சண்டித்தனம் செய்தது. சிக்னலில் பச்சை விழுந்தாலும் கிளம்ப மனசில்லாமல் ஊர்ந்தது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பெரியப்பா எங்கள் தோ பாயோ பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கியர்பாக்ஸ் போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே காலால் ஓட்டவேண்டிய ஆட்டோமேட்டிக் காரைப் பெண்கள் இரண்டு காலாலும் மிதித்தால் வேறென்ன ஆகும் என்றும் கேட்டார். அம்மா விளக்கைக் காட்டினாள்.

"அது சும்மா மினுக்கும் லா, கண்டுக்காத," என்று பெரியப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றே அப்பாவுக்குப் போன் போனது. அப்பா வந்ததும் காரைக் கழித்துக்கட்டிவிடுவது என்று பெரியப்பாவும் அப்பாவும் முடிவெடுத்தார்கள். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அம்மாவின் வேலை என்ன என்று பெரியப்பா ஒருநாளும் கேட்டதில்லை. மின்னும் விளக்குகளை எண்ணுவதுதான் அவள் வேலை. தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் இடத்தில், எது எத்தனை முறை மின்னினால் எங்கே கோளாறு என்று நாள் முழுக்கப் பார்ப்பவளிடம் போய், விளக்கு சும்மா மினுக்கும் என்றால்? உடன் வேலை பார்த்த சீன ஆன்ட்டியின் கணவர் புக்கிட் மேராவில் மெக்கானிக். எங்கள் கார் விளக்கை எப்படி மின்னவைப்பது, எத்தனை மின்னினால் எங்கே கோளாறு என்று அவரிடமிருந்து ஒரு துண்டுத்தாளில் விவரம் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை மதியம் அம்மா தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தாள். கார்பார்க் நான்காம் மாடி. பானெட்டைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியின் மூடியை நீக்கி, இரண்டு ஓட்டைகளில் வளைத்த பேப்பர் கிளிப்பைச் செருகி, என்னை அசையாமல் பிடிக்கச் சொன்னாள். ஷாக் அடிக்குமா என்று கேட்டேன். இதற்கெல்லாம் அடிக்காது என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தேன்.

அம்மா இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, விளக்கைப் பார்த்து வாய்விட்டு எண்ணினாள். ஆறு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை. மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் அதேதான். துண்டுத்தாளில் அறுபத்திரண்டுக்கு நேரே, கியர் மாற்றும் வால்வுக்குப் போகும் ஒயர் என்று எழுதியிருந்தது. பேட்டரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு பிளக்கைக் கழற்றினாள். உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாள். அவ்வளவுதான். ஐந்தாம் மாடிக்கு ஏறும் சரிவில் கார் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஏறியது. உலகத்திலேயே கெட்டிக்காரி என் அம்மாதான் என்று எனக்கு அன்று உறுதியானது.

காரை நிறுத்திய பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிளக்கைப் பாதி இழுத்துத் தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, பானெட்டை மூடிவிட்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பெரியப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆட்டுக்கறி பிரட்டல், ரசம். கை கழுவி வந்தவரிடம் மெல்லச் சொன்னாள்.

"அத்தான், பேட்டரிக்கு அடியில ஒரு பிளக் லூசா இருக்கிற மாதிரி தெரியுது. எனக்கு என்ன தெரியும்? நீங்க ஒரு தடவ பாத்தா நல்லா இருக்கும்."

பெரியப்பா கீழே வந்து பார்த்தார், அழுத்தினார். க்ளிக். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டார்.

"கியர்பாக்ஸ்லாம் நல்லாதான் இருக்கு. ஒரு ஒயரு, நான் கண்டுபிடிச்சு மாட்டிட்டேன். இனிமே பயமில்ல, அவளே ஓட்டட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணீரே வந்துவிட்டது. பெரியப்பா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

எனக்கு அப்படி ஒரு கோபம். தான் செய்ததைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறாளே, இவ்வளவு பயந்தாங்கொள்ளியா என் அம்மா என்று, இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை. அந்த இரண்டு நாளும் அவள்தான் காரில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போனாள்.