வீடு உயரும்போது உள்ளே இருப்பவர்

என் அப்பா வீட்டைத் தூக்குகிறாராம். தூக்கும்போது உள்ளேயே உட்கார்ந்திருக்கப் போகிறாராம். எனக்குச் சொன்னது ஷீலா அக்கா. அவரும் என்னைப்போல மெல்போர்னில்தான் இருக்கிறார். அவருக்குச் சொன்னது தாம்பரத்தில் இருக்கும் அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குச் சொன்னது ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த யாரோ.

"கேள்விப்பட்டதுதான் ஜெரு. வேற தேவானந்தமா இருக்கும்" என்றார் ஷீலா அக்கா.

எங்கள் முடிச்சூர்ப் பக்கம் அப்பாவைத் தவிர வேறு எந்த தேவானந்தம் இப்படிச் செய்வார்?

வீட்டைத் தூக்குவது எங்கள் பக்கத்தில் இப்போது புதிதில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வீடுகளெல்லாம் பள்ளமாகிவிட்டன. சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, வரிசையாக ஜாக்கி கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பினால் வீடு நூல் நூலாக மேலே வரும். அப்பா கட்டும்போது வீடு ரோட்டைவிட மூன்றடி உயரம். "இன்னா சார், மாடிப்படிய வாசல்லயே வெச்சிட்டீங்க?" என்று தெருவே சிரித்தது. பிறகு ரோடு படியை ஒவ்வொன்றாக விழுங்கியது. அப்பா அரசாங்க இன்ஜினியர் என்பதால் பக்கத்து வீட்டு ரத்தினபாய் அக்காவுக்குக் கிண்டல் செய்ய இன்னும் வசதி.

"உங்காளுங்க போட்ட ரோடுதான சார்? உங்க வூட்டையே முழுகடிச்சிட்டாங்களே!"

"நான் பாலம் கட்டுறவன்மா. ரோடு வேற செக்ஷன்" என்பார் அப்பா.

2015 வெள்ளத்தில் முதல்முறையாகத் தண்ணீர் உள்ளே வந்தது. நோயாளியான அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போன அப்பாவை நாட்கணக்கில் என்னால் போனில் பிடிக்க முடியவில்லை. யாரும் எடுக்காமல் போன் நீளமாக அடித்தால் நான் எழுந்து நின்றுவிடுவது அன்றிலிருந்துதான். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

அப்பா நாசரேத்தில் ஒரு வாத்தியார் மகன். கிண்டியில் படித்தார். ராமநாதபுரம், தர்மபுரி என்று எங்கே மாற்றினாலும் தனியாகவே போனார். "ஜெரு படிப்பு நகரக் கூடாது. நான் நகர்றேன்." சனிக்கிழமை விடியலில் பஸ்ஸைவிட்டு இறங்குவார், காதுமடல் வரை புழுதி. குளித்ததும் என் யூனிபார்மை இஸ்திரி போடுவார், புத்தகத்துக்கு அட்டை போடுவார். மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிடுவார். கடைசியில் நகர்ந்தது நான்.

இந்த வீடு எழும்பியபோது நான் மூன்றாம் வகுப்பு. தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையை என் கையில் கொடுத்துச் சுவரோடு பிடிக்கச் சொல்வார். மட்டம் பார்க்க அதுதான் கருவி. இரண்டு பேர் வேண்டும்.

"ஜெரு, தண்ணி நிக்குதா?"

"நிக்குதுப்பா."

ஒரு கோடை விடுமுறையில் தர்மபுரிப் பக்கம் ஓர் ஓடைப்பாலத்துக்குக் கூட்டிப்போனார். காங்கிரீட்டைத் தாங்கிய பலகைகளைப் பிரிக்கும் நாள். அப்பா நேராகப் பாலத்துக்கு அடியில் போய் நின்றார். அம்மா கரையிலிருந்து கத்தினாள்: "ஸ்டண்ட் மாஸ்டரா நீங்க? வெளிய வாங்க!" அவர் வரவில்லை. "கட்டினவன் கீழ நின்னாத்தான் பிரிக்கிறவன் பயப்படாம பிரிப்பான்" என்றார் பிறகு, சட்டையிலிருந்த சிமெண்ட் தூளைத் தட்டிக்கொண்டே. சர்வீஸ் முழுக்க அவருக்கு அதுதான் பழக்கம்.

அதனால்தான் நேற்றுக் கூப்பிட்டேன்.

"உள்ளேயே இருக்கப் போறீங்களாமே?"

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்னப்பா?"

"அங்க குளிரா? ஸ்வெட்டர் போடுறியா?"

"பேச்ச மாத்தாதீங்க. வித்துட்டு வண்டலூர்ல லிஃப்ட் வெச்ச ஃப்ளாட்டுக்குப் போங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"வீட்டையே லிஃப்ட் பண்றேனே, பத்தாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சண்டையைப் போட்டுப் போட்டு இருவருக்குமே அலுத்துவிட்டது.

"அது நீங்க கட்டின பாலம்ப்பா, உங்க கணக்கு. இது கதிரேசனோட ஜாக்கி." கதிரேசன்தான் வீடு தூக்கும் காண்டிராக்டர்.

"ஜாக்கி அவனுது. அடியில படுத்துத் திருப்புறவங்க யாரு பெத்த புள்ளைங்களோ. நான் உள்ள இருந்தா கதிரேசன் அவசரப்பட மாட்டான். ஓனர் வெளிய டீ குடிச்சிட்டு நின்னா, மழைக்கு முன்ன முடிங்கடான்னு வெரட்டுவான்."

"எனக்கு அவங்க முக்கியமில்ல. நீங்கதான்."

அவருடைய நாசரேத் ஊர்க்குரல் வந்தது, மெதுவாக: "ஏட்டி, அப்படிச் சொல்லக் கூடாது." உடனே, "சரி, ஆரம்பிக்கிறப்ப ரத்தினபாய் வீட்டுக்குப் போயிடறேன். போதுமா?"

ரொம்பச் சுலபமாக ஒப்புக்கொண்டார். அம்மாவை ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டு, "சும்மா செக்கப்" என்று என்னிடம் சொன்ன அதே குரல்.

இன்றுதான் தூக்கும் நாள்; அங்கே காலை, இங்கே பிற்பகல். ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்து படிக்கட்டுக்கு வந்து, முதலில் ரத்தினபாய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இங்க வரலியே பாப்பா. கதிரேசன் ஆளுங்க கேட்டாண்ட குந்திகினு இருந்தாங்க. இப்ப ஒருத்தனயும் காணோம், அடியில பூந்துட்டானுங்க போல."

"அப்பா?"

"காலைல காப்பி குடுத்தேன், டம்ளரு இன்னும் திரும்பல. கதவு சாத்திகினு கீது. போய்த் தட்டட்டா?"

"வேணாங்கா. நீங்க கிட்டப் போகாதீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் யாருமே போகக் கூடாது என்று நான் நினைப்பது எனக்கே தெரிந்தது.

அப்பாவின் போன் எப்போதும் ஃப்ரிட்ஜ் மேலே கிடக்கும். அதை மறந்துவிட்டு அவர் தெருமுனையில் நிற்கலாம். அல்லது, மட்டம் பார்க்கும் ட்யூபின் ஒரு முனையை என் அறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கூடத்துச் சுவரோடு பிடித்துக்கொண்டு, கையெடுக்க முடியாமல் உள்ளேயே நிற்கலாம்.

அப்பாவுக்குப் போட்டேன்; ஒருமுறை முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். அடிக்கிறது.