ஏமஸ் பின்னக் செய்த தாங்குக்கட்டை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வண்டித்தச்சர் ஏமஸ் பின்னக்குக்கு ராணுவ விமானி ஹார்கோம் ஒன்பது ஷில்லிங் பாக்கி; இரண்டடுக்கு மர விமானத்தின் மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு தாங்குக்கட்டை செய்த கூலி. நாலாம் நாள் அந்த விமானம் விழுந்து ஹார்கோம் செத்தார். ராணுவ முகாமிலிருந்து பணத்தோடு வந்த சார்ஜண்டிடம் ஏமஸ் கை நீட்டவில்லை.

“என் கட்டை ஒடிஞ்சிருந்தா இது கொலைக்கூலி ஐயா.”

பள்ளிக்கூடம் போகாமலே நாலு ஊருக்கு வண்டி செய்து கொடுத்தவர் அவர். விழுந்த விமானத்தின் சிதறிய துண்டுகளை ஊரார் ஞாபகத்துக்கென்று அள்ளிப் போயிருந்தார்கள். தன் கட்டையைத் தேடி இரண்டு வாரம் வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோனார். கடைசியில் சாராயக்கடை டாப்ஸன் வீட்டு அடுப்புக்கு மேலே கட்டை தொங்கியது.

“சக்கரம் செய்யுறவன் றெக்கை செஞ்சா விழத்தானே செய்யும், பெருசு!” என்று சிரித்தான் டாப்ஸன்.

“இறக்குடா, பாப்போம்.”

கட்டையில் ஒரு கீறலும் இல்லை. இறக்கைகளை இழுத்துக் கட்டியிருந்த இரும்புக்கம்பிதான் அறுந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏமஸ் முகாமுக்கு நடந்து போய்க் கையை நீட்டினார். சார்ஜண்ட் ஒன்பது ஷில்லிங்கையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.